எங்கள் வீட்டில் ஆண்கள் இரண்டு பேர்

1943 பிப்ரவரி 9, செவ்வாய்

இன்று பலகையில் எழுதியது: வீட்டைச் சுற்றித் தேங்கும் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். வாரத்துக்கு இரண்டு எலி வால் ஒவ்வொரு வீடும் ஆபீசில் ஒப்படைக்க வேண்டும். பொதுக்கிணற்றடியில் துணி துவைக்கக் கூடாது. கீழே ஓரமாகக் கட்டம் கட்டி, இந்த வாரம் பிறப்பு இரண்டு, இறப்பு ஐந்து.

வருஷத்தை 2603 என்று போட வேண்டும். அது ஜப்பான் கணக்கு. பலகையில் போடுகிறேன், இங்கே போட மாட்டேன். பள்ளிக்கூடத்தை மூடியபோது நான் கையோடு எடுத்துவந்த வருகைப் பதிவேடு இது. பின்பக்கம் முழுக்கக் காலி. டீச்சர் வேலைதான் போய்விட்டது, எழுதுகிற கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

ஏழாங்கட்டை என்ற இந்த ஊரில் தமிழ் எழுத ஆள் இல்லையென்று டவுன் போர்டு ஆபீசில் கூப்பிட்டு எட்டு மாதமாகிறது. பாசார் என்கிற சந்தைக் கொட்டகையில் பெரிய பலகை, அதில் மலாய், சீனம், தமிழ் என்று மூன்று பத்தி. ஜப்பான் துரை சொல்வதைப் ஆபீஸ் கணக்கெழுதும் பெரிய கிராணி யஹ்யா மலாயில் எழுதித் தருவார். நாகூர்ப் பக்கத்து மனிதர், ஊரே அவரை நானா என்றுதான் கூப்பிடும். நான் அதைத் தமிழாக்கிச் சாக்பீஸால் எழுதுவேன். படிக்கத் தெரியாதவர்களுக்கு நின்று படித்துக் காட்டுவதும் என் வேலைதான். பலகையில் வந்துவிட்டால் ஜனங்களுக்கு அது சத்தியம். எனக்கு அதில் கொஞ்சம் கர்வம் உண்டு, யாரிடமும் சொன்னதில்லை.

"வால மட்டும் குடுத்தா போதுமா டீச்சர்? எலிய நாங்க வச்சுக்கலாமா?" என்று பாப்பம்மா அக்கா கேட்டாள். கூட்டம் சிரித்தது, நானும் சிரித்தேன். அவள் மட்டும் சிரிக்கவில்லை. நிஜமாகத்தான் கேட்டிருக்கிறாள்.

பிப்ரவரி 16, செவ்வாய்

அரிசிக்குப் பேர் எழுதும் வேலை தொடங்கிவிட்டது. ஆணுக்கு ஒரு பங்கு, பெண்ணுக்கு முக்கால், பிள்ளைகளுக்கு அரை. எங்கள் வட்டாரத்தில் அறுபது வீடு.

"முதல்ல ஆபீஸ்காரங்க வீடு. உங்க வீட்ல ஆம்பளைங்க எத்தனை பேரு டீச்சர்?" என்றார் நானா.

ஒன்று என்றுதான் சொல்ல வந்தேன். வாய் "ரெண்டு" என்று சொல்லிவிட்டது.

ஒருவர் இவர், என் வீட்டுக்காரர். இன்னொருவர் இவருடைய தம்பி மனோகரன். அவன் பாலிங் பக்கம் போய் மூன்று வருஷமாகிறது. அங்கே காட்டை வெட்டி நெல் போடுகிறானாம். நம் வீட்டுப் பிள்ளைதானே, நாளைக்கே வந்து நின்றால் சோறு போட வேண்டாமா? இப்படி எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன்.

நானா ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு எழுதினார். "பேரு?" என்றார். மனோகரன் பேரைச் சொன்னேன். இவர் பேரை எப்படிச் சொல்வது? கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் வாயால் சொன்னதில்லை, இந்த நோட்டில் எழுதியதும் இல்லை. நானாவுக்குத் தெரியும். சிரிக்காமல் அவரே எழுதிக்கொண்டார்.

எனக்குப் பின்னால் வரிசையில் முதலாவதாக நின்றவள் பாப்பம்மா அக்கா. அவள் காது பாம்புக் காது.

பிப்ரவரி 18, வியாழன்

பாப்பம்மா அக்கா வீட்டில் ஓடிப்போன மருமகன் திரும்பி வந்துவிட்டார், பதிவேட்டுக்குள். அடுத்த வீட்டில் ஈப்போவுக்கு வேலை தேடிப் போன மாமனார். அதற்கடுத்த வீட்டில் செத்துப்போன பெரியப்பா. எல்லாரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்கிறார்கள். நான் எப்படி இல்லை என்பேன்?

அழகம்மா மட்டும் பொய் சொல்லவில்லை. அவள் புருஷன் இருளப்பன் போன மாதம் காய்ச்சலில் போனார். தோட்டத்து லயத்து வீடுகளுக்குப் பின்னால் புதைத்தார்கள். யாரும் ஆபீசில் வந்து எழுதி வைக்கவில்லை. அவள் நேராகவே கேட்டாள்.

"மாசாமாசம் அவருக்கு இல போட்டு சோறு வைக்கிறேன் டீச்சர். ஒரு வருசம் வைக்கணும்ல? செத்தவருக்கு அரிசி கெடையாதுன்னா அந்தச் சோத்துக்கு நான் எங்க போவேன்?"

இருளப்பன், வயது நாற்பத்தைந்து, என்று எழுதினேன். அடுத்து அவள் ஒரே மகன் அம்மாசி, வயது பத்தொன்பது. அந்த வீட்டிலும் ஆண்கள் இரண்டு பேர்.

ஆகமொத்தம் இல்லாத ஆண்கள் பதினான்கு பேர். முதல் ஆள் என்னுடையவன்.

மார்ச் 2, செவ்வாய்

அரிசி வந்தது. புழுவும் சுண்ணாம்புமாக இருந்தாலும் அரிசி அரிசிதான். மரவள்ளிக்கிழங்கு தின்று தின்று நாக்கு செத்துக் கிடந்தது.

அழகம்மா நெற்றியில் குங்குமம் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றாள். புருஷன் உயிரோடிருக்கிறார் என்றால் பொட்டு வைத்துத்தானே ஆக வேண்டும். பங்கை வாங்கிக்கொண்டு கொட்டகையைத் தாண்டியதும் முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

மார்ச் 19, வெள்ளி

இன்றைய பலகை: பொய்யான பேர் கொடுத்து அரிசி வாங்குவோர் கடுமையாகத் தண்டிக்கப்படுவர். பக்கத்து ஊரில் ஒருவரைத் திடலில் வெயிலில் கட்டி வைத்தார்களாம். மூன்றாம் நாள் அவிழ்த்தபோது உயிர் இல்லையாம். சாக்பீஸ் இரண்டு முறை ஒடிந்தது.

ஏப்ரல் 6

மழைச் சாரலில் பலகை அழிந்துவிட்டது. திரும்ப எழுதினேன்.

மே 11, செவ்வாய்

ஆபீசிலிருந்து வந்ததும் வராததுமாக நோட்டை எடுத்தேன்.

காலையில் நானா ஒரு தாளை என் மேசையில் வைத்தார். சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும். இரண்டு ஆண்களும் அதற்கு மேலும் உள்ள ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவர் போக வேண்டும். மூன்று மாத வேலை. சாப்பாடு, மருந்து, இருக்க இடம் எல்லாம் உண்டு. இம்மாதம் 24ஆம் தேதி காலை பாசார் கொட்டகை முன்னால் லாரி வரும்.

"எந்தெந்த வீடுன்னு இவங்களுக்கு எப்படித் தெரியும் நானா?" என்று கேட்டேன்.

அவர் அலமாரியைத் திறந்து அரிசிப் பதிவேட்டை எடுத்தார்.

பதினான்கு வீடு. அந்தப் பதினான்கு வீட்டிலும் இருப்பது ஒரே ஓர் ஆண். இல்லாதவன் போக முடியாது. அப்படியென்றால் இருக்கிறவன்தான் போக வேண்டும். அழகம்மாவுக்கு அம்மாசி. எனக்கு இவர்.

அடிப்பாவி, என்ன காரியம் செய்தாய்?

மே 12, புதன்

எழுதினேன். எழுதாமல் இருக்க முடியுமா? மலாய்ப் பத்தியும் சீனப் பத்தியும் பக்கத்திலேயே இருக்கின்றன. படித்துக் காட்டும்போது "மூன்று மாதம்" என்பதை மட்டும் உரக்கச் சொன்னேன். அது ஒன்றுதான் சொல்லக்கூடியதாக இருந்தது.

கூட்டம் கலைந்த பிறகும் அழகம்மா போகவில்லை.

"அவரு பேர அடிச்சிருங்க டீச்சர். அரிசி வேணாம். இதுவரைக்கும் வாங்குனதக்கூட எப்படியாச்சும் திருப்பிக் குடுத்துர்றேன். நீங்கதான எழுதுனீங்க?"

நான்தான் எழுதினேன்.

மே 13, வியாழன்

நானாவிடம் நேரடியாகவே கேட்டேன். பதிவேட்டில் சில பேர் தவறாக ஏறிவிட்டது, திருத்தலாமா?

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். "பொய்ப் பேரு குடுத்தா என்னா தண்டனைன்னு மார்ச்ல பலகையில எழுதுனது யாரு?"

"நான்தான்."

"பதிவேட்ல மொதப் பேரு யாரு வீட்டுது?"

"என் வீட்டுது."

"அப்ப திருத்தம்ங்கிற பேச்ச இன்னொரு தடவ இந்த ஆபீஸ்ல எடுக்காதீங்க. ஒரு பேர அடிச்சா துரை அறுபது வீட்டையும் கிளறுவாரு. தப்புன்னு சொல்லி ஒரு பேரையும் எடுக்க முடியாது. பொறந்தா சேர்க்கலாம், செத்தா எடுக்கலாம். அவ்வளவுதான் சட்டம்."

கோபம் கோபமாக வந்தது. கல்நெஞ்சு மனிதர். தமிழ் தெரிந்த ஒரே மேலதிகாரி, அவரும் இப்படி. கிணற்றடியில் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தபோதுதான் அவர் கடைசியாகச் சொன்னது உறைத்தது. செத்தால் எடுக்கலாம்.

சும்மா சொன்னாரா? இல்லை, எனக்காகச் சொன்னாரா?

மே 14, வெள்ளி

ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரசர் பழனியாண்டி அண்ணனைப் பார்த்தேன். சாவுச் சீட்டு எழுதுவது அவர்தான். சொல்லி முடிக்கும்வரை குனிந்தே கேட்டார்.

"பதினாலு சீட்டா? கொய்னா மாத்திரை இல்லாம காய்ச்சல்ல வாரத்துக்கு அஞ்சாறு பேரு நெசமாவே போய்க்கிட்டுத்தான் இருக்காங்க. கலந்து விட்டா தெரியாது, காய்ச்சல் பொணத்த உடனே பொதச்சாச்சுன்னு சொல்லிக்கலாம். ஆனா ஒண்ணு தங்கச்சி, சாவுன்னா சாவு வீடு மாதிரி இருக்கணும். போலீஸ்காரன் வந்து பாப்பான். அடுப்பு எரியக்கூடாது, பொம்பளைங்க சத்தமா அழுவணும், தலையோட தண்ணி ஊத்திக்கணும். அழுவாத வீட்டுக்கு நான் சீட்டுக் குடுக்க மாட்டேன். மாட்டுனா நாம எல்லாரும் சேந்துதான் போவணும்."

செத்தவர்களுக்கு அழுவதில் சிரமம் இல்லை. ஊரைவிட்டுப் போய் எங்கோ உயிரோடு இருக்கிறவர்களுக்கு யார் ஒப்பாரி வைப்பார்கள்?

மே 16, ஞாயிறு

இருளப்பன் இரண்டாம் முறை இறந்தார்.

அழகம்மாவின் அழுகை கேட்கச் சகிக்கவில்லை. நடிப்பென்று ஒரு துளிகூட இல்லை. போலீஸ்காரர் வாசலோடு தொப்பியைக் கழற்றிக்கொண்டு திரும்பிவிட்டார். பொட்டை அழிக்க அவள் கையைத் தூக்கியபோது நான் வெளியே வந்துவிட்டேன். ஒரு பெண் எத்தனை முறை தாலி அறுப்பாள்?

மாலையில் கட்டத்தில் எழுதினேன்: இருளப்பன், காய்ச்சல். நானா வந்து பலகையைப் பார்த்தார், ஆபீசுக்குத் திரும்பிப் பதிவேட்டில் ஒரு கோடு கிழித்தார். அம்மாசி தப்பித்தான்.

மே 18, செவ்வாய்

இன்று நான்கு பேர். நேற்று மூன்று.

பாப்பம்மா அக்கா தெருவுக்கே கேட்கும்படி அழுதாள். பிறகு கிணற்றடியில் என்னிடம், "என் மகள விட்டுட்டு ஓடுனவன். நாலு வருசமா அழுவணும்னு இருந்த அழுகை டீச்சர். மனசாரத்தான் அழுதேன்" என்றாள். எனக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. இந்த ஒரு வாரத்தில் இன்றுதான் சிரித்தேன்.

உண்மையிலேயே இரண்டு ஆண்கள் உள்ள வீடு பத்தொன்பது இருக்கிறது. அவர்களுக்குச் செய்ய என்னிடம் ஒரு வழியும் இல்லை. அந்த வீட்டுப் பெண்கள் பலகையடியில் என்னைப் பார்க்கும்போது நான் சாக்பீஸ் டப்பாவைப் பார்க்கிறேன்.

மே 20, வியாழன்

பதின்மூன்று முடிந்தது.

துரை பலகையைச் சுட்டிக்காட்டி நானாவிடம் ஏதோ கேட்டார். நானா இடுப்பை வளைத்து வணங்கி, கொசுவைக் கையால் காட்டி, நெற்றியைத் தொட்டுக் காட்டினார். துரை மூக்கைப் பொத்திக்கொண்டு போய்விட்டார்.

நான் சாக்பீஸ் வைக்கப் போனபோது நானா தாழ்ந்த குரலில் சொன்னார்: "எல்லா வீட்லயும் ஆச்சு. ஒரு வீட்ல மட்டும் இன்னும் யாரும் சாகல டீச்சர். சனிக்கிழமையோட பட்டியல் முடியுது."

அவருக்கு எல்லாம் தெரியும். முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது.

மே 21, வெள்ளி

என் வீடுதான்.

நாலு நாளாக இவரிடம் சுற்றி வளைத்துப் பேசிப் பார்த்தேன். இன்று உடைத்தே சொன்னேன். ஒரு நாள் அடுப்பு எரிய வேண்டாம், நான் அழுதுகொள்கிறேன், நீங்கள் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வாசலில் உட்கார்ந்தால் போதும். மனோகரன் பேரைக் கட்டத்தில் எழுதிவிடுகிறேன்.

இவர் அதிர்ந்து பேசாதவர். தோட்டத்தில் ரப்பர் காயவைக்கும் புகைக்கொட்டகையில் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்து, கண் எப்போதும் சிவந்தே இருக்கும். கோபமா இல்லையா என்று அதில் கண்டுபிடிக்க முடியாது.

"கப்பல்ல வரும்போது அவனுக்கு ஆறு வயசு. காய்ச்சல்ல கட்டையா கெடந்தான். செத்துட்டான்னு சொல்லி சாக்குல சுத்தி கடல்ல போடப் பாத்தாங்க. எங்கப்பாவே சரின்னுட்டாரு. நாந்தான் மூச்சு இருக்கு மூச்சு இருக்குன்னு கத்தினேன். கத்தித்தான் காப்பாத்தினேன். இப்ப என்னையே வாயத் தொறந்து அவன் செத்துட்டான்னு சொல்லச் சொல்றியா?"

"சொல்ல வேண்டாம். சும்மா உட்கார்ந்தா போதும்."

"அவன் உசுரோட இருக்கையில நான் தலைக்கு ஊத்த மாட்டேன் புள்ள. மூணு மாசம்தான? பலகையில நீதான எழுதியிருக்க? போய்ட்டு வந்துர்றேன்."

நான் எழுதியதில் எனக்கே நம்பிக்கை இல்லை. இவர் நம்புகிறார்.

மே 22, சனி

நான் செய்தது சரியா? இன்னமும் தெரியவில்லை. செய்தேன்.

இவர் இல்லாத நேரம் பார்த்துப் பழனியாண்டி அண்ணன் வீட்டுக்குப் போனேன். "உங்க வீட்ல அழுகைச் சத்தம் கேக்கலியே தங்கச்சி" என்றார். அங்கேயே அழுதேன். சீட்டை எழுதிக் கொடுத்துவிட்டார்.

பகல் பன்னிரண்டு மணி இருக்கும், பாசாரில் நல்ல கூட்டம். கட்டத்தில் பதினான்காவதாக எழுதினேன்: மனோகரன், காய்ச்சல். எழுதிவிட்டுத் திரும்பினால் இவர் நிற்கிறார். கிழங்கு வாங்க வந்தவர். மெதுவாகத்தான் எழுத்துக்கூட்டிப் படிப்பார். படித்து முடிக்கும்வரை நானும் நின்றேன், ஓடக்கூடத் தோன்றவில்லை.

கிட்டே வந்து உள்ளங்கையால் அந்த ஒரு பேரை மட்டும் அழித்தார்.

பக்கத்திலிருந்த போலீஸ்காரர் பாய்ந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். அரசாங்கப் பலகையை அழிப்பது குற்றம். ஆபீசிலிருந்து நானா ஓடிவந்தார். நான் பார்த்து நானா ஓடியது இந்த ஒரு தடவைதான்.

"என் தம்பி சாகல" என்றார் இவர்.

பாப்பம்மா அக்கா, அழகம்மா, இன்னும் அழுது முடித்த வீட்டுக்காரர்கள் எல்லாரும் அங்கே இருந்தார்கள். ஒரு பேர் பொய்யென்றால் மற்றப் பதின்மூன்றும்? அம்மாசி கிழங்குக் கூடைக்குப் பின்னால் நின்றிருந்தான். இவர் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். அப்போதுதான் இவருக்கும் விளங்கியது போல.

"ஆபீஸ்ல பேரு மாறிப்போச்சு" என்று இவரே சொன்னார், கொஞ்சம் உரக்க. "மத்ததெல்லாம் சரி. எல்லாச் சாவுக்கும் நாந்தான் கூட நின்னேன். என் தம்பி பேரு மட்டும் தப்பா வந்துருச்சு."

நானா சட்டென்று போலீஸ்காரரிடம் மலாயில் சொன்னார், பேர் மாறிவிட்டது, தவறு ஆபீஸ் தவறு என்று. போலீஸ்காரர் கையை விட்டார். பிறகு பட்டியலைப் புரட்டினார்.

"அப்படின்னா உங்க வீட்டில ஆண்கள் ரெண்டு பேர்."

"ஆமா."

"ஒருத்தர் வரணும்."

"நான் வர்றேன்" என்றார் இவர்.

மே 23, ஞாயிறு

பட்டியலைப் பலகையில் எழுதச் சொன்னார்கள். பத்தொன்பது பேர் எழுதினேன். இருபதாவது பேருக்கு முன்னால் கை நின்றுவிட்டது. நானா சாக்பீஸுக்குக் கையை நீட்டினார். கொடுக்கவில்லை. நானே எழுதினேன். இவர் பேரை முதன்முதலாக எழுதியது இதற்குத்தானா?

வீட்டில் அரிசி கொஞ்சம் இருந்தது, எல்லாவற்றையும் பொங்கினேன். இவர் சாப்பிட்டுவிட்டு, "மனோகரன் பங்குல வந்த அரிசியா?" என்று கேட்டார். கேலியா, குத்தலா? தெரியவில்லை. ஆமாம் என்றேன். சிரித்தார்.

மே 24, திங்கள்

லாரி எட்டு மணிக்கு வந்தது. இவர் ஏறிய பிறகு அழகம்மா ஓடிப்போய் ஒரு பொட்டலத்தைக் கையில் திணித்தாள், அவித்த கிழங்கு. "அண்ணே" என்றாள். இவர் என்னைப் பார்த்து மூன்று விரலைக் காட்டினார்.

ஆகஸ்ட் 24, செவ்வாய்

மூன்று மாதம்.

ஆகஸ்ட் 31

பாசார் வழியாகப் போகும் லாரிகளை எண்ணுவதை நிறுத்த வேண்டும்.

அக்டோபர் 20, புதன்

பலகையில் நான்காவதாக ஒரு பத்தி, சயாம் மொழியில். எங்கள் கெடாவை ஜப்பான்காரர்கள் சயாமிடம் கொடுத்துவிட்டார்களாம், கொடிகூட மாறிவிட்டது. சயாம் இங்கே வந்துவிட்டது. சயாமுக்குப் போனவர்கள் வரவில்லை.

டிசம்பர் 5, ஞாயிறு

மனோகரன் வந்தான். பாலிங்கிலிருந்து நடந்தே வந்திருக்கிறான். சேதி இப்போதுதான் யாரோ சொல்லித் தெரிந்ததாம். தோளில் இரண்டு படி நெல். வாசலில் அவனைப் பார்த்ததும் எனக்கு வந்தது ஆத்திரம்தான். இதை எழுதி வைக்க வேண்டும். கை கால் எல்லாம் சுகமாக, அப்படியே அண்ணன் சாயலில் நிற்கிறான்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நெல் மூட்டையை இறக்கி வைத்தான். பிறகு சொன்னான்:

"எழுதியிருக்கலாமே அண்ணி. எழுதிட்டா நான் என்ன செத்தா போயிருப்பேன்?"

இனி இங்கேயே இருக்கப் போகிறானாம். இருக்கட்டும்.

1944 பிப்ரவரி 16

இவரிடமிருந்து சேதி ஒன்றுமில்லை.

1945 செப்டம்பர் 18, செவ்வாய்

வெள்ளைக்காரன் திரும்பி வந்துவிட்டான். பலகையைக் கழுவி, தமிழ்ப் பத்தியின் தலையில் 1945 என்று பெரிதாக எழுதினேன். ஜப்பான் துரை உட்கார்ந்த நாற்காலியில் பாப்பம்மா அக்கா ஒரு நிமிஷம் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனாள்.

அக்டோபர் 29, திங்கள்

சயாமிலிருந்து திரும்பியவர்கள் பேரைப் பலகையில் எழுதுகிறேன். தினமும் ஒன்றோ இரண்டோ. இருபது பேரில் இன்றோடு ஏழு.

ஏழாவது ஆள் பரஞ்சோதி. காலில் துணி சுற்றியிருக்கிறான், துணியைத் தாண்டி நாற்றம் வருகிறது. இவரோடு ஒரே முகாமில் இருந்தவன். ஆற்றுப் பக்கம் ஒரு கொட்டகையில் இவரைப் படுக்க வைத்திருந்தார்களாம். அன்றைக்கே இவனை வேறு முகாமுக்கு நடத்திப் போய்விட்டார்கள்.

"நான் பாத்தப்ப மூச்சு இருந்துச்சுக்கா" என்றான்.

எப்போது என்று கேட்டேன். மழைக்காலம் என்றான். எந்த வருஷத்து மழை என்று அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை.

நவம்பர் 4, ஞாயிறு

அழகம்மா வந்தாள். வாசலிலேயே நின்று, சொல்லலாமா வேண்டாமா என்று தவித்து, கடைசியில் சொன்னாள்.

"அமாவாச டீச்சர் இன்னிக்கி. அண்ணனுக்கு ஒரு இல போட்டுருங்க. ரெண்டு வருசமாச்சு, பசியோட அலையக்கூடாதுல்ல. அரிசி நான் கொண்டாந்திருக்கேன்."

முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். ஒரு கைப்பிடி நல்ல அரிசி. அவள் வீட்டில் இன்றைக்கு அவ்வளவுதான் இருந்திருக்கும்.

அவளுக்குக் கெட்ட எண்ணம் கொஞ்சமும் கிடையாது. மகனைக் காப்பாற்றிக் கொடுத்தவருக்கு அவளால் செய்ய முடிந்தது அது. ஆனாலும் வேண்டாம் என்று கத்திவிட்டேன். மூச்சு இருந்தது என்று பரஞ்சோதி சொன்னான் இல்லையா? பார்த்தவன் சொன்னான்! இல்லாத பதின்மூன்று பேரைச் சாகடித்த கை இது. இந்த ஒரு ஆளுக்கு இலை போட வரவில்லை.

மனோகரன் அழகம்மாவை வீடுவரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தான்.

அன்றைக்கு இவர் உள்ளங்கையால் அழித்தது எதை என்று இப்போது தெரிகிறது. நான் பெயரைத்தான் எழுதியிருந்தேன். இவருக்கு அது கப்பலில் கிடந்த பிள்ளை.

நவம்பர் 6, செவ்வாய்

புதிய அரிசி அட்டைக்குப் பேர் எழுதும் வேலை இன்று தொடங்கியது. காலையில் பலகையில் என் கையால் எழுதியது: இறந்தவர், ஊரில் இல்லாதவர் பேரைக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் அட்டை பறிக்கப்படும். படித்துக் காட்டியபோது பாப்பம்மா அக்கா, "பட்டதே போதும்லா டீச்சர்" என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

அதே மேசை, அதே நானா. தாடி முழுக்க வெளுத்துவிட்டது.

"முதல்ல ஆபீஸ்காரங்க வீடு" என்றார். பேனாவை மையில் தொட்டுக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: "உங்க வீட்ல ஆம்பளைங்க எத்தனை பேரு டீச்சர்?"

"ரெண்டு."

பேனா நின்றது. பலகை அவர் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது, நான் காலையில் எழுதியது அப்படியே தெரிந்தது. வரிசையில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தியது எனக்குக் கேட்டது. அரிசிக்காக இல்லை நானா என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. அவருக்குத் தெரியாதா?

அவர் இரண்டு என்று எழுதினார். மனோகரன் பேரை எழுதினார். அடுத்த வரிக்கு வந்ததும் பழைய வழக்கப்படி என்னைக் கேட்காமல் தானே எழுதக் கையைத் தாழ்த்தினார்.

"நானே சொல்றேன் நானா" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார்.

"ராமையா" என்றேன். பின்னால் நின்றவர்களுக்கும் கேட்கட்டும் என்று இன்னொரு தடவை சொன்னேன்.